பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மோட்டார்

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது என் அண்ணியின் தொழில். துறைமுகத்துக்குப் பின்பக்கம் கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையில் முதல் கடை அவருடையது. கதவைத் திறந்தாலே வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். கடையை ஆரம்பித்தவன் என் அண்ணன். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. பாதி பிரித்த பதினோரு மோட்டாரையும் பதினோரு கோபக்கார வாடிக்கையாளர்களையும் அண்ணி தலையில் கட்டிவிட்டு ஏறிப் போய்விட்டான். இரண்டே மாதத்தில் பதினோரு மோட்டாரும் ஓடின. எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால், "பிரிக்கும்போது சுத்து எண்ணிக்கிட்டேன், கட்டும்போது அதையே சுத்தினேன்" என்பார். அவர் சொல்லும் சுயசரிதை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். இந்தச் சாலையில் அவர் கை படாத மோட்டார் கிடையாது. இங்கே கரண்டுக்கு ஒரு குணம் உண்டு. வரும், போகும், வரும்போது பாதிதான் வரும். பாதிக் கரண்டில் மோட்டார் எரியும். எரிந்தால் அண்ணிக்கு வேலை. அப்படிப்பட்டவர்தான், கிடங்குக் கூரைகளில் சோலார் பேனல் போடலாம், அலைதடுப்புச் சுவரோரம் இரண்டு காற்றாலை நிறுத்தலாம், ஒரு பெரிய பேட்டரியை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் ஒவ்வொரு வாசல்படியாக ஏறி இறங்கினார்.

"உங்க பொழப்புல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்களே, அண்ணி" என்றேன்.

"ஓடுற மோட்டாருக்கும் பேரிங் மாத்த ஆள் வேணும், தம்பி. நான் பட்டினி கிடக்க மாட்டேன். நீ உன் கையெழுத்தைப் போடு."

போட்டேன். எனக்கு மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. டீசல் புகையில் பாதி ஆயுள் போய்விட்டது. ஐஸ் ஃபேக்டரி முதலாளிதான் எல்லோரையும்விட வழுக்கினார். எதைக் கேட்டாலும் "செஞ்சுடலாம்" என்பார், செய்ய மாட்டார். சாலையில் அவருக்குப் பெயரே செஞ்சுடலாம்தான். அண்ணி ஒருநாள் வேகாத வெயிலில் அவர் அறைக்குப் போய், "ஃபேன் சத்தம் போடுதே, பாத்துத் தரேன்" என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு திருகாகத் துடைத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து மனிதர் கையெழுத்துப் போட்டார். ஒன்று ஐந்துக்கு ஃபேன் சுற்றியது.

இப்படி ஐந்து இடங்கள் சேர்ந்தன; ஒவ்வொருவரும் எவ்வளவு கரண்டு எடுப்போம் என்று கணக்கு எழுதிக் கொடுத்தோம். ஐஸ் ஃபேக்டரி, கயிறு ஃபேக்டரி, படகு கட்டும் பட்டறை, என் கிடங்கு, அண்ணியின் கடை. துறைமுக நிர்வாகம் கூரைகளைக் கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு வாரம் சோதனை ஓட்டம். அந்த வாரத்தில் மொத்த லைனும் கரண்டு போய் மூன்று முறை விழுந்தால் கூரைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஜெனரேட்டர்களுக்கும் சீல் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் காலை, எல்லா மெஷினும் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், பத்து பத்துக்கு லைன் விழுந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நடுச்சாலையில் நின்றுகொண்டு, "எவன் கணக்குக்கு மேல ஓட்டறான்? தைரியம் இருந்தா வெளிய வந்து சொல்லட்டும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கயிறு ஃபேக்டரி நடத்தும் அக்காவைப் பெயர் சொல்லாமல் நான்கு வார்த்தை சேர்த்தே சொன்னேன். மறுநாளும் அதே பத்து பத்து. இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி.

லைனைப் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் தலையைப் பிடித்துக்கொண்டார். "கணக்குப்படி தாங்கணும். நீங்க எழுதிக் கொடுத்த லோடு சரிதானே?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் "சரிதான்" என்றோம்.

சரியில்லை. எங்கள் சாலையில் யாரும் உண்மையான லோடை எழுதியதே இல்லை. கூடுதல் லோடு கேட்டால் மின்சார ஆபீசுக்கு ஆறு மாதம் நடக்க வேண்டும். அதனால் காகிதத்தில் ஒன்று இருக்கும், மேலே உள்ளதை ஜெனரேட்டரில் ஓட்டிக்கொள்வோம். அவரவர் ஜெனரேட்டர், அவரவர் பாடு. பேட்டரியைப் பங்கிடும்போதும் பழக்கதோஷத்தில் அதே பழைய காகிதத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் அண்ணி எங்களைக் கடைக்குக் கூப்பிட்டார். இன்ஜினியரைக் கூப்பிடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வார்னிஷ் காய வைக்கிற ஓவன் எனக்கு ஆறு கிலோவாட். அதை நான் எழுதல. என் தப்பு" என்றார்.

கயிறு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு முறுக்குற மெஷின் ரெண்டு, அண்ணி." பட்டறைக்காரர் ஒரு வெல்டிங் செட் என்று ஆரம்பித்து மூன்றில் வந்து நின்றார். செஞ்சுடலாமும் ஐஸ் உடைக்கும் மெஷினை ஒப்புக்கொண்டார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"நான் எழுதினது எழுதினதுதான்" என்றேன்.

நடுச்சாலையில் அந்தக் கத்து கத்தியவன் வேறு என்ன சொல்ல முடியும்? அண்ணி தலையாட்டினார். என் பெயருக்கு நேரே பழைய எண்ணையே எழுதினார்.

மூன்றாம் நாள் ஒன்பதரைக்கு என் கிடங்குக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பின்சுவர் பக்கம் போட்டு உட்கார்ந்தார். அங்கே ஒரு பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால்தான் என் மூன்றாவது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி பலகைமேல் உள்ளங்கையை வைத்தார்.

"பேரிங் போகுது. சத்தம் கேக்குதா?" என்றார். "இருபத்தஞ்சு ஹெச்.பி. இதுக்கு நான் ரெண்டு தடவை காயில் கட்டியிருக்கேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் நேத்து சொல்லல?"

"நான் சொன்னா இன்னிக்கு நிறுத்துவே. அடுத்த வாரம் மறுபடியும் ஓட்டுவே. நீயே போய்ச் சொன்னாத்தான் அது கணக்குல நிக்கும்." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் படியேறியிருக்கேன், தம்பி. இன்னிக்கு விழுந்தா போச்சு. எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருடத்தில் அண்ணி அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து கம்ப்ரஸரை நிறுத்தினேன். அவரை அங்கேயே விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு அறையாக மாற்றியிருந்த பழைய கன்டெய்னருக்கு நடந்தேன். இன்ஜினியரும் மற்ற மூன்று முதலாளிகளும் அங்கேதான் இருந்தார்கள். சொன்னேன்.

"அப்ப ரோட்டுல நின்னு கத்தினது யாரு?" என்றார் கயிறு அக்கா.

"நான்தான். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"அதை அப்புறம் கேளு. முதல்ல மோட்டாரை எழுது."

இன்ஜினியர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார். என் மூன்றாவது கம்ப்ரஸர் பதினொன்றிலிருந்து மூன்று வரை, வெயில் உச்சியில் இருக்கும்போது ஓடட்டும். அந்தக் குளிரே மறுநாள் காலை வரை தாங்கும். ஐஸ் உடைப்பது மத்தியானம். வெல்டிங் செட் ஒவ்வொன்றாகத்தான். நான் பத்து வருடமாக டீசல் ஊற்றிச் செய்ததை வெயில் செய்துவிடும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பத்து பத்து வந்தது. பத்து பதினொன்று, பத்தே கால். லைன் விழவில்லை. அந்த வாரம் முழுக்க விழவில்லை.

கடைசி நாள் துறைமுக நிர்வாக அதிகாரி கன்டெய்னருக்கு வந்து திருத்திய கணக்கைப் படித்தார். என் பெயருக்கு நேரே வந்ததும் விரலை நிறுத்தி அண்ணியைப் பார்த்தார். "இந்த ரோட்டு மோட்டார் எல்லாம் உங்க கைக்கு வந்து போனதாச்சே. இப்படி ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியாதுங்க" என்றார் அண்ணி. "எங்க தம்பி தானா வந்து சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும்."

அதிகாரி என்னை மரியாதையோடு பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நேராகக் கிடங்குக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து, அந்தப் பலகைத் தடுப்பை ஒவ்வொரு பலகையாகப் பிரித்துப் போட்டேன்.