எண்பத்தெட்டும் அந்த ரெண்டு மார்க்கும்

குடவாசலுக்கு மேற்கே, வாய்க்கால் பாலம் தாண்டினதும் வருகிற மாடி வீடு மெஹராஜ் பேகத்தினுடையது. கணவர் சித்தீக் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். ஒன்றரை ஏக்கர் நெல்லையும் ஒரே மகள் ஷமீராவையும் பார்த்துக்கொள்வது மெஹராஜ்தான். உர மூட்டையில் எடை குறைந்தால் கடைக்காரரை நிற்க வைத்துக் கேட்பாள். முறைத் தண்ணீர் பாயும்போது யாராவது மடையை முன்னாலேயே அடைத்தால் வரப்பிலேயே சண்டை. "வாய் இருக்கு, பொழச்சுக்கும்" என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வாய், போன சம்பா அறுவடையில் அடைத்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்த்தார்கள். பதினேழு வரைக்கும் எடுப்பார்கள். மெஷின் பதினேழரை காட்டியது. "கொஞ்சம் காயட்டும், சாயங்காலம் எடுத்துக்கறோம்" என்றார் அங்கே இருந்தவர். மெஹராஜ் விடவில்லை. "நல்லா பாருங்க சார். சருகாக் காஞ்ச நெல்லு இது." வேறொரு மூட்டையில் கைவிட்டு எடுத்துப் பார்த்தார்கள். பத்தொன்பது. மொத்தத்தையும் அவிழ்த்துக் கொட்டிக் காயப்போட வேண்டியதாயிற்று. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. "கேக்காம இருந்திருக்கலாம்லக்கா" என்று அடுத்த வயல் வைரக்கண்ணு சொன்னது அவள் காதை விட்டுப் போகவேயில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. ஷமீரா அறுநூற்றுக்கு ஐந்நூற்று முப்பத்தொன்பது. மஸ்கட்டில் சித்தீக் ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். வைரக்கண்ணுவின் மகன் ஐந்நூற்றுப் பதினேழு. அவன் அம்மா ஈஸ்வரி வாசலில் வந்து நின்றபோது மெஹராஜ் ஆறுதலாகத்தான் பேசினாள்.

"கவலப்படாதே ஈஸ்வரி. எதாவது ஒரு காலேஜ் கெடைக்காமயா போகும்?"

"கவலையெல்லாம் இல்லக்கா. கட் ஆஃப் நூத்தி எண்பத்திரண்டு வருதாம். ஷமீராவுக்கு எவ்வளவு?"

மெஹராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷமீரா போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "நூத்தி அறுபத்தெட்டு" என்றாள்.

ஈஸ்வரி தெரு திரும்பும் வரைதான் மெஹராஜ் பொறுத்தாள்.

"அதெப்படிடி? நீதானே கூட வாங்கியிருக்கே?"

"இன்ஜினியரிங்குக்கு மொத்தத்தப் பாக்க மாட்டாங்கம்மா. கணக்கு மார்க்க அப்படியே எடுப்பாங்க. பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்கிக் கூட்டுவாங்க. இருநூறுக்கு இவ்வளவுன்னு வரும். மத்ததெல்லாம் பாஸ் பண்ணா போதும். நான் கணக்குல எண்பத்தெட்டு, அவன் தொண்ணூத்தேழு."

"தமிழ்ல தொண்ணூத்தெட்டு வாங்கினியே."

"அது இதுல சேராதும்மா."

"கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தொம்போது? கம்ப்யூட்டர் படிக்கப் போறவளுக்குக் கம்ப்யூட்டர் மார்க்குமா வேணாம்?"

ஷமீரா மறுபடியும் போனில் குனிந்தாள்.

பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு அரசுக் கல்லூரி இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு போன வருஷம் முஸ்லிம் ஒதுக்கீட்டில் நூற்றெழுபதோடு முடிந்திருந்தது. சிவில் நூற்று அறுபத்தேழரையோடு. "எது வேணாலும் படிக்கட்டும், பொழுது சாய வீட்டுக்கு வந்துரணும்" என்று சித்தீக் ஒரே முடிவாகச் சொல்லியிருந்தார்.

ஷமீரா கணக்கு விடைத்தாளின் நகலுக்கு எழுதிப் போட்டிருந்தாள். வந்ததும் அம்மாவிடம் காட்டினாள்.

"இந்தக் கணக்கு முழுசும் சரி. அஞ்சுக்கு மூணுதான் போட்டிருக்காங்க. மறுமதிப்பீடு கேட்டா ரெண்டு வரும். கணக்குல ஏறுனா கட் ஆஃப்ல அப்படியே ஏறும்மா."

"அப்போ நூத்தி எழுபது!"

"இதையும் பாரு. இது தப்பு. நடுவுல குறி மாத்திப் போட்டுட்டேன். தெரியாம அஞ்சும் குடுத்துட்டாங்க. பேப்பர் முழுசையும்தான் திரும்பப் பாப்பாங்க. கண்ணுல பட்டா மூணு போயிரும்."

"பழைய மார்க்கையே வெச்சுக்கறோம்னு சொன்னா?"

"முடியாதும்மா. கொறைஞ்சா கொறைஞ்சதுதான். அப்புறம் சிவிலும் கெடைக்காது."

மெஹராஜுக்குக் கொள்முதல் நிலையம் ஞாபகம் வந்தது. "ஒண்ணும் கேக்க வேணாம். இருக்கறது இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள். போனவளுக்குச் சோறு இறங்கவில்லை. எது நல்லதென்று காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுது பார்த்தாள். மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை. சித்தீக் கூப்பிட்டு, "என்ன, சீட்டு கெடைச்ச மாதிரிதானே?" என்று சிரித்தபோது, "பாத்துக்கிட்டு இருக்கோங்க" என்று பேச்சை மாற்றினாள்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் வந்தது. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சிவில் படிச்சிருவியா?"

"ம்."

சின்ன வயசில் பெருநாள் சட்டை பிடிக்காவிட்டாலும் ஷமீரா இப்படித்தான் "ம்" என்பாள். மெஹராஜ் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவங்க தெரியாம குடுத்த மூணு நம்முது இல்ல. விட்டுப்போன ரெண்டு நம்முது. அதுக்குப் பயந்துக்கிட்டு இத விட முடியுமா? போடு."

"அம்மா, கொறைஞ்சா?"

"போடுன்னேன்ல."

சொல்லிவிட்டாளே தவிர, முடிவு வருகிற வரைக்கும் அவள் அவளாக இல்லை. பாலை அடுப்பில் பொங்க விட்டாள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் திறக்கப் போனவள் மடைக்குப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். ஈஸ்வரி எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினாள்.

முடிவு வந்தது. எண்பத்தேழு. ரெண்டு ஏறி, மூணு இறங்கியிருந்தது.

"அந்தத் தப்பையும் பாத்துட்டாங்கம்மா" என்று ஷமீரா தேம்பினாள்.

கலந்தாய்வில் இவள் முறை வருவதற்குள் அரசுக் கல்லூரியில் சிவிலும் தீர்ந்துபோயிற்று. சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்தது. வாசலிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரமா அது? ஷமீரா விரலைப் போன் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். மெஹராஜ் தலையாட்டினாள். பிறகு தானே மஸ்கட்டுக்குப் போன் போட்டாள்.

"நான்தாங்க கேக்கச் சொன்னேன். ஒரு மார்க்கு போச்சு. சேலம். ஹாஸ்டல்ல இருக்கணும்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க? எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ கேட்ட படிப்புங்க."

"வார்டன் நம்பர வாங்கி எனக்கு அனுப்பு" என்றார் சித்தீக்.