எதிர்க்கடை மாமு சொன்ன சாட்சி

பிள்ளைகளா, உங்கள் அக்கா கல்லூரியில் சேர்ந்த கதையை நீங்கள் இருவரும் கேட்கும்போதெல்லாம் அவள் சிரித்து மழுப்பிவிடுகிறாள். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அதனால் நானே எழுதி வைக்கிறேன். எனக்கு எட்டாம் வகுப்புவரைதான் படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் படிக்க அரசாங்கம் உதவ வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம். ஆனால் வசதியில்லை என்று நாமே சொன்னால் போதாது. அதிகாரி விசாரித்து வருமானச் சான்றிதழ் தர வேண்டும். அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழைக் கொடுக்க மறுநாள்தான் கடைசி. அந்தக் காலையில் செல்போனில் தகவல் வருகிறது, விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று.

அக்காவைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஓடினேன். வி.ஏ.ஓ. சின்ன வயதுப் பெண். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பிரியாணிக் கடையே உங்களோடதாமே? எரியோட்டுப் பக்கம் தோட்டம் வேற இருக்காம்."

"யாரும்மா சொன்னது? நான் அங்க சம்பளத்துக்கு இருக்கேன். முதலாளி வெளிய போனா செத்த நேரம் கல்லாவுல உக்காருவேன். அம்புட்டுதான்."

"உங்க வீட்டுக்கு எதிர்ல மளிகைக் கடை வச்சிருக்காரே, அவருதான் சொன்னாரு. தெருவுல விசாரிச்சத நான் எப்படி மாத்தி எழுதுறது? அவரே வந்து சொல்லட்டும். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

நீங்கள் மாமு என்று கூப்பிடுகிற அதே மளிகைக் கடைக்காரர்தான். பேகம்பூருக்குத் திரும்பி வந்து கேட்டால், அவர் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"முக்காடு போட்ட ஒரு பொண்ணு, கூட ஒரு பெரியவரு... அவங்களா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னுல்ல நெனச்சேன்!"

வி.ஏ.ஓ. வெயிலுக்காகத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருக்கிறார். கூட வந்தவர் தலையாரி. குடும்பம் எப்படி, வருமானம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நம் தெருவில் அப்படிக் கேட்டு வருகிறவர்கள் பெண் பார்க்கிறவர்கள்தானே.

"அதுக்குத் தோட்டம் எதுக்கு பாய்?"

"பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட ஒண்ணுமில்லாதவன்னா சொல்வாங்க? கிணத்தையும் சேத்துல்ல சொன்னேன்!"

"மோட்டாரு போட்டீங்களா மாமு?" என்று கேட்டாள் அக்கா. கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என் வாயால ஒன்னைய இல்லாதவன்னு சொல்லச் சொல்றியா தம்பி? அங்க நாலு பேரு நிப்பாங்க. நாளைக்கு இந்தப் புள்ளையக் கேட்டு யாரு வருவா?"

"இன்னைக்குச் சொல்லலைன்னா இவ படிப்பே இல்ல பாய்."

ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டுப் பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். தொழுகையில் எனக்கு மனம் நிற்கவில்லை. முடித்து வந்து பார்த்தால் கடை ஷட்டர் இறங்கியிருக்கிறது, ஆளைக் காணோம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்மைத் தவிர்க்கிறார் என்றே நினைத்துவிட்டேன்.

வெயில் சாயும்போது ஆட்டோவில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை போட்டிருந்தார். "ஏறுங்க" என்றார்.

அலுவலகத்தைப் பூட்டுகிற நேரம். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குத் தோட்டம் இருக்குன்னீங்க. இன்னைக்கு ஒண்ணுமே இல்லங்கிறீங்க. எதை நம்புறது?"

மாமு என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டே பேசினார்.

"எங்கள்ல ஜகாத்துன்னு இருக்கும்மா. இருக்கிறவன் இல்லாதவனுக்குக் குடுத்தே ஆகணும். நான் வருசா வருசம் இவருக்குத்தான் குடுக்குறேன். கையில குடுத்தா வாங்க மாட்டாரு. அதனால இவரு முதலாளிகிட்டக் குடுத்து, அவரு பேர்ல அனுப்பச் சொல்வேன். பெருநாளைக்கு வர்ற அரிசியும் துணிமணியும் முதலாளி போனசுன்னு இவரு நெனச்சிக்கிட்டு இருக்காரு. இது இவருக்கே தெரியக் கூடாதுன்னு இருந்தேன். இப்பச் சொல்ல வச்சுட்டீங்க."

அப்போது நான் போட்டிருந்தது அந்தப் பெருநாள் சட்டைதான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது, அதற்குப் பிறகு அன்றுதான்.

வி.ஏ.ஓ. பேனாவை எடுத்தார். "இன்னைக்கே எழுதி மேல அனுப்பிடுறேன். போயிட்டு வாங்க பாய்."

சனிக்கிழமை காலை சான்றிதழ் வந்தது. அக்கா அதைக் கல்லூரியில் கொடுத்துச் சேர்ந்துவிட்டாள். மாமு அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. சர்க்கரை வாங்கப் போனால் மட்டும், "என்ன தம்பி, தோட்டத்துல வெளைச்சல் எப்படி?" என்பார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தால் உடனே அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் கடை வாசலில், போகிறவர் வருகிறவர் குடிக்க ஒரு மண்பானை வைத்திருப்பாரே, சான்றிதழ் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியத் தொழப் போகும்போது அதைத் திறந்து பார்த்தேன். அடியில்தான் தண்ணீர் கிடந்தது. தெருவில் யாரும் இல்லை. குழாயில் பிடித்து வந்து பானையை நிரப்பினேன். டம்ளரைக் கழுவி மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.