என் நாத்தனாரின் லிஃப்ட்

நாத்தனாரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது என்றுதான் வீட்டில் பேச்சு. கல்யாணமான புதிதில் நான் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணி, இதுல காபித்தூளைப் போட்டீங்களா, இல்ல தூரத்துல இருந்து காட்டுனீங்களா?” என்று கேட்டவள் அவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் கோபம் வேறு, பெருமை வேறு.

அவள் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறாள். ஒரு முக்காலி, தலைக்கு மேல் ஒரு குட்டி மின்விசிறி, இடுப்பில் ஒரு சாவி, அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அந்தச் சாவியைத் திருப்பிவிட்டால், வெளியே யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் கேட்காது. அவள் சொன்ன இடத்தில்தான் நிற்கும். டாக்டர்களும் நோயாளிகளும் மட்டும் ஏறலாம், கூட வருகிறவர்கள் படியில் போக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்துவிடும், மருந்து கிடைத்துவிடும், டாக்டரிடம் நின்று பேசத்தான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வார்டுக்குள் காற்றாக வந்து காற்றாகப் போவார்கள். அறை வாசலில் கூட்டம் நெருக்கும். அவர்கள் அசையாமல் நிற்கிற ஒரே இடம் லிஃப்ட். இதைக் கண்டுபிடித்தவள் என் நாத்தனார். விஷயம் எங்கேயாவது சிக்கி, சொல்ல ஆளில்லாமல் தவிக்கிறவர்களை அவள் அடையாளம் கண்டுகொள்வாள். அவர்கள் பார்க்க வேண்டிய டாக்டர் ஏறுகிற நேரமாகப் பார்த்து அவர்களையும் ஏற்றிக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்கும். அவள் தலையை நீட்டி, “யாரும் வரலையா?” என்று காலி வராந்தாவைக் கேட்பாள். மெதுவாகக் கதவு மூடும். லிஃப்ட்டுக்கு வயசாகிவிட்டது என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

ஏற்றுவதற்கு முன்னால் பாடம் நடக்கும். “அழாதீங்க. அழுதா அவரு மாடி நம்பரைப் பாக்க ஆரம்பிச்சிடுவாரு. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.” இதற்காக அவள் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

ஆனால் சொந்தக்காரர்களுக்கு மட்டும் கதவு திறக்காது. சித்திக்குத் துணையாக வந்த என் சித்தப்பா மூட்டு வலியோடு நான்கு மாடி ஏறி இறங்கினார். அன்று நான் அவளை விட்டேனா? வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் அசரவில்லை. “நம்ம ஆளுங்களை ஏத்த ஆரம்பிச்சா அது உதவி இல்ல அண்ணி, சலுகை” என்றாள்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஆனது. அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். குத்துக்காலிட்டும் முட்டி போட்டும் பிழைக்கிற தொழில். ஏற்கெனவே சர்க்கரை வியாதி. ஒரு பெட்டி டைல்ஸ் பாதத்தில் விழுந்ததை, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லியே தள்ளிப்போட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது. எலும்பு டாக்டர் வந்து பார்த்தார். “முட்டிக்குக் கீழ எடுத்துடணும். நாளைக்கு மத்தியானம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ரத்தக்குழாய் டாக்டர் ஒரு தடவை பார்த்தால் காலைக் காப்பாற்ற வழி இருக்கலாம் என்று நர்ஸ் காதோடு சொன்னார். ஆனால் இரண்டு டாக்டர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். ஆபரேஷன் தியேட்டர் யாருக்கு எந்தக் கிழமை என்பதில் முறைத்துக்கொண்டவர்கள். ஒருவர் நோயாளியை இன்னொருவர் எட்டிப் பார்க்க மாட்டார். நான் அழுதேன். என் வீட்டுக்காரரோ, “தங்கச்சிகிட்ட போய் நிக்காதே. என் காலுக்காக அவ வேலைக்கு உலை வைக்காதே” என்றார்.

நான் கேட்பேனா? நேரே லிஃப்ட் வாசலுக்குப் போனேன்.

“ஊருக்கெல்லாம் பண்றே. உன் அண்ணனுக்கு மட்டும் படியா?”

அவள் என்னைப் பார்த்தாள். கதவை மூடிக்கொண்டு மேலே போய்விட்டாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் படியில் கால் வைக்கும்போது, “அண்ணி, இங்க வாங்க” என்று குரல் கேட்டது. உள்ளே எலும்பு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். ஏறினேன். முதல் மாடியில் கதவு திறந்தது. அங்கே ரத்தக்குழாய் டாக்டர். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு ஏறினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று நம்பரைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாத்தனார் சாவியைத் திருப்பினாள். என் முதுகில் அவள் விரல் லேசாக இடித்தது.

நான் எலும்பு டாக்டரிடம் கேட்டேன். “சார், இன்னைக்கு என் வீட்டுக்காரர் காலை எடுக்கறீங்க. ரத்தக்குழாய் டாக்டர் பாத்துட்டாரா சார்?”

பதில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. “யாரும் வரலையா?” மூடியது. மூன்றாவது மாடியிலும் அதே கதை.

“எந்த பேஷண்ட்?” என்றார் ரத்தக்குழாய் டாக்டர், நம்பர் பலகையைப் பார்த்து.

“ஏழாம் நம்பர் கட்டில். சுகர் கேஸ்” என்றார் எலும்பு டாக்டர், அதே பலகையைப் பார்த்து. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாக்கறதுன்னா பாருங்களேன்” என்றார்.

பார்த்தார். அன்றே ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். இரண்டு விரல்தான் போயிற்று. கால் தங்கியது.

நான் ஆனந்தத்தில் அழுதுகொண்டிருந்தபோது, நாத்தனார் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறையில் நின்றிருக்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தானாகவே போய், “சார், என் அண்ணனுக்காக ரெண்டு டாக்டரை லிஃப்ட்டுல நிக்க வச்சேன். என்ன தண்டனையோ குடுங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவளைச் சலவைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். மறுபடி லிஃப்ட் கிடைக்குமா என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, விரிப்புகளை மாற்ற அவளே வந்தாள். சோப்பு நீரில் கை வெளுத்து ஊறியிருந்தது. என் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டாமல் கத்தினார்.

“யாரும் கேக்காதப்ப நீயா போய் எதுக்கு சொன்னே?”

“மத்தவங்களுக்குப் பண்ணதை மறைச்சேன், அதுல எனக்குக் கூச்சம் இல்லண்ணா. இதை மறைச்சா, அதுவும் அழுக்காயிடும்” என்றாள். பிறகு, “எழுந்திரு. நடந்து காட்டு” என்றாள்.

அவர் கட்டிலிலிருந்து இறங்கினார். கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வார்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அவர் படுத்திருந்த விரிப்பை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

புதிதாக வந்த நர்ஸ் என்னிடம் கேட்டார். “அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். “என் நாத்தனார்.”