மணிக்கட்டும் காலி நாற்காலியும்

க்ளெனிஸுக்கு எரிச்சல் தருகிற விஷயங்கள் பல உண்டு. பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசையில் சிப்ஸைக் கொட்டும் பிள்ளைகள், ஊர் ஹாலில் வெந்நீர்ப் பாய்லரை அணைக்காமல் போகிறவர்கள். அந்த வருஷம் இவை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது அவள் புருஷன் மெர்வுடைய இடது மணிக்கட்டு.

ஆஸ்திரேலியாவின் விம்மேரா பகுதியில் கோதுமை வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்த ஹாலில் நடனம் என்றால் க்ளெனிஸின் வயலின்தான். மற்ற நாளில் பேருந்து ஓட்டுவாள். நடன நாளில் நோலா பியானோ வாசிக்க, இவள் மேடையில் உட்கார்ந்து ஊரையே ஆடவைப்பாள். மெர்வ் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். கல்யாணமானதிலிருந்து நடன நாட்களில் அவன் வேலை, சுவரோரம் உட்கார்ந்து ஊராரின் கோட்டுகளுக்குக் காவல் இருப்பது. ஒருநாள் தட்டிலிருந்த ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, தானும் வயலின் கற்கப் போவதாகச் சொன்னான்.

"மேடையில உன் பக்கத்துல ஒரு நாற்காலி சும்மாதானே கெடக்கு. இன்னும் எத்தனை வருஷம் நான் கீழ உக்காந்து கோட்டைப் பாத்துக்கறது?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல், மணிக்கட்டு ஒழுங்காக நின்றால் ஈஸ்டர் நடனத்தில் அந்த நாற்காலி அவனுக்கு என்று வாக்குக் கொடுத்தாள். பிறகு அந்த வாக்கை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் சின்னதுதான். மணிக்கட்டு முன்கையோடு நேராக நிற்க வேண்டும், உள்ளங்கை வயலினின் கழுத்தைத் தொடக்கூடாது. மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை போய் ஒட்டிக்கொண்டால் சுண்டுவிரல் தந்தியை எட்டாது. கட்டைவிரல் கிடுக்கிபோல் இறுகும், வலி வரும். மெர்வுடைய இடது கையோ ஆயுசு முழுக்க ஒரே வேலையைச் செய்தது. ரோமம் கத்தரிக்கும் கத்திக்கு முன்னால் ஆட்டின் தோலை அழுத்திச் சுருக்கம் எடுக்கும் வேலை. அழுத்தாவிட்டால் தோல் கிழியும். அதனால் எதைக் கொடுத்தாலும் அந்தக் கை அழுத்தியது.

சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. இடைவெளி மறக்காமல் இருக்க உள்ளங்கைக்குள் ஒரு மாண்டரின் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மேசையில் தோல்தான் இருந்தது. பசித்ததாம்.

"இது ஆடு இல்ல மெர்வ். உதைக்காது, ஓடாது. கையை எடு."

"எடுத்தா விழுந்துடுமே?"

"அப்புறம் தாடையும் தோளும் எதுக்கு இருக்கு?"

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தீராத நோய் ஒன்று உண்டு. எது உடைந்தாலும் வேலிக் கம்பியால் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவார்கள். வாசல் கதவு, வண்டியின் புகைக்குழாய், தண்ணீர்த் தொட்டி என்று போகும் வரிசையில் மெர்வ் தன் மணிக்கட்டையும் சேர்த்துவிட்டான். கொட்டகையில் கம்பியை வளைத்து, சாக்கைச் சுற்றி, முன்கையோடு இறுக்கிக் கட்டி, அவளுக்குத் தெரியாமல் வாசித்துத் தள்ளினான். மணிக்கட்டு மடங்கவில்லைதான். அந்த இறுக்கம் முழுவதும் கட்டைவிரலுக்குப் போனது. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை கை பன் ரொட்டிபோல் வீங்கி, ஜாம் பாட்டிலைக்கூடத் திறக்க முடியவில்லை. டாக்டர் கட்டுப் போட்டு, கொஞ்ச காலத்துக்கு வயலினும் வேண்டாம், ஆடும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

வீடு வரும்வரை அவள் திட்டிக்கொண்டே வந்தாள். நேராக இருந்தால் மட்டும் போதுமா, கை தளர்ந்து இருக்க வேண்டாமா, இது கையா கம்பமா என்று கேட்டாள். கட்டுக்குள்ளே மணிக்கட்டு நிமிர்ந்துதானே இருக்கிறது, நாற்காலி கிடைக்குமா என்று அவன் மெதுவாகக் கேட்டபோது கியரை வெடுக்கென்று மாற்றினாள்.

அவள் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன குளிர்காலத்திலிருந்து அவளுக்கும் இடது கட்டைவிரலடியில் வலி. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஹாலுக்கு வேறு வயலின் கிடையாது என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் தேறினால் பாதிச் சுமையை வாங்கிக்கொள்வான் என்று நம்பியிருந்தாள். அதையும் கம்பி கட்டிக் கெடுத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது.

ஈஸ்டர் சனிக்கிழமை மெர்வ் வழக்கம்போல் கோட்டுகளோடு உட்கார்ந்தான். சாண்ட்விச்சும் கேக்கும் தேநீரும் முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. இரண்டு வால்ட்ஸ் ஆட்டம் போவதற்குள் அவள் கட்டைவிரல் தெறித்தது. அடுத்ததற்கு ஜோடிகள் வரிசை கட்டும்போது மெர்வ் எழுந்து மேடையோரம் வந்தான்.

"உன் மணிக்கட்டு மடங்கியிருக்கு."

"என்னது?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி நேராத்தான் இருந்துச்சு. போன வருஷமும் இப்படித்தான், கடைசியில மடங்கிடும். அப்படித்தான் வாசிக்கணும்போலன்னு நெனச்சேன். நீ என்னைத் திட்டுனப்பறம்தான் அது தப்புன்னே எனக்குத் தெரியும்."

வில்லாலேயே ஒன்று போடலாமா என்று வந்தது அவளுக்கு. குனிந்து பார்த்தாள். உள்ளங்கை வயலினின் கழுத்தோடு அப்பிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஆடுகிறவர்களைப் பார்த்தாளே தவிர, தன் கையைப் பார்க்கவே இல்லை. நிமிர்த்தினாள். கட்டைவிரல் விட்டுக் கொடுத்தது, வலி ஒரு படி இறங்கியது. வெட்கமாக இருந்தது. அவன் சொன்னது சரியாகப் போனதில் அதைவிட ஆத்திரமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"ஏறி வந்து உக்காரு. என் கையைப் பாத்துக்கிட்டே இரு, மடங்குனா சொல்லு. மத்தபடி வாயைத் தொறக்காதே."

"கோட்டெல்லாம்?"

"போனா போகுது."

நோலா தொடங்கினாள். ஊர் சுழன்றது. பாட்டுப் பாதிகூடப் போகவில்லை, பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"மணிக்கட்டு."

க்ளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.