மேடைக்கு ஐந்து படி

இராஜபாளையத்து சங்கீத சபாவின் வாசலில் ஸ்டீல் டேப்பை விரித்துப் படிகளை அளந்துகொண்டிருந்தேன். தெருவோரம் மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குரல் கொடுத்தார். "அளக்கவே வேண்டாம் தங்கச்சி. ஒரு படி எட்டு இஞ்சி. மொத்தம் ஏழு படி. எத்தன வருசமா கண்ணாலயே அளந்துக்கிட்டு இருக்கேன்." அளந்து பார்த்தேன். எட்டு அங்குலம், ஒரு நூல் கூட வித்தியாசமில்லை. தையல் அக்காவை நான் சந்தித்தது அப்படித்தான்.

நான் அப்போது ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்த்தேன். சபா, நாடகக் குழு, நூலகம் என்று போய், யாரெல்லாம் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்களும் வருவதற்கு வழி செய்யச் சொல்வது எங்கள் வேலை. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, மடியில் கோப்போடு இராஜபாளையத்தில் இறங்கும்போது ஊரையே திருத்த வந்தவள் போல எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இன்று அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தையல் அக்காவுக்குச் செட்டியார்பட்டி. இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. ஜாக்கெட் தைப்பதில் அவர் கைக்கு அந்தப் பக்கத்தில் பெயர் உண்டு. தைக்கும்போது ரேடியோவில் சங்கீதம் ஓடிக்கொண்டே இருக்கும். ராகம் தொடங்கிய மறுநொடி பெயரைச் சொல்லிவிடுவார். சபாவில் கச்சேரி என்றால் சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு வந்து, டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, வெளியே கட்டிய ஸ்பீக்கரில் கேட்பார். உள்ளே முன்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே வாயைத் திறந்து தூங்கும் பெரிய மனிதர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெளியே லாரிப் புகையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இவரையும் பார்த்திருக்கிறேன்.

"கச்சேரி எம்புட்டோ கேட்டாச்சு தங்கச்சி. ஒண்ணுகூடப் பாத்ததில்ல. அந்த வயலின்காரர் வில்லு எப்படிப் போவுது, எப்படித் திரும்புதுன்னு நாலு பேரோட நாலு பேரா உக்காந்து ஒரு நா பாக்கணும்" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "ஆனா என்னய யாரும் தூக்கக் கூடாது. ஆஸ்பத்திரின்னாலும் தூக்குதாவ, கல்யாண வீடுன்னாலும் தூக்குதாவ. வேண்டாம்னு சொன்னா யார் காதுலயும் விழ மாட்டேங்குது. மூட்டையா நான்? தூக்கித்தான் உள்ள போவணும்னா எனக்கு இந்தத் தெருவே போதும்." தூக்க வேண்டிய அவசியமே வராது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

சபாவின் செயலாளரைச் சம்மதிக்க வைக்க ஆறு மாதம் ஆனது. பழைய கட்டடம், வாசல் அழகு கெட்டுவிடும், யார் வரப்போகிறார்கள் என்று நாளுக்கு ஒரு காரணம் சொன்னார். கடைசியில் பக்கவாட்டு வாசலுக்குச் சரிவுப் பாதை போட்டார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியையும் கழற்றினார்கள். சிமெண்டு காய்ந்ததும் ஒரு காலையில் அக்கா தன் சக்கர நாற்காலியில் வந்து, தானே உருட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஆளில்லாத அரங்கில் அந்த இடைவெளியில் நாற்காலியை நிறுத்தி, வெறும் மேடையையே வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

அதோடு விட்டிருக்கலாம். செயலாளருக்குத் திறப்பு விழா வேண்டியிருந்தது. கச்சேரிக்கு முன்னால் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடைக்கு ஐந்து படி. என் அறிக்கையில் வாசல் இருந்தது, இருக்கை இருந்தது, கழிப்பறை கூட இருந்தது, மேடை மட்டும் இல்லை. அக்காவைப் போன்றவர்கள் கேட்க வருவார்கள் என்று நினைத்த எனக்கு, மேடை ஏறவும் ஒருநாள் வருவார்கள் என்று தோன்றவே இல்லை. கீழேயே வைத்துப் பொன்னாடை போர்த்தலாமே என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "கீழ வச்சுப் போத்துனா ஊரு என்னம்மா சொல்லும்? கால் இல்லாதவிய, அதான் கீழயே வச்சு அனுப்பிட்டாங்கன்னு பேச மாட்டாங்களா? மேடையில செஞ்சாத்தாம்மா மரியாதை." மனதாரத்தான் சொன்னார். நானும் அதற்கு மேல் வாதாடவில்லை.

விழா அன்று சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்த வரவேற்பு மேசையைச் சரிவுப் பாதையின் உச்சியில் போட்டிருந்தார்கள். அங்கேதான் இடம் தாராளமாக இருந்ததாம். அதை நகர்த்தி அக்காவுக்கு வழி விட்டார்கள். பட்டுச்சேலையில் வந்து தன் இடத்தில் நாற்காலியை நிறுத்தினார். மைக்கில் பெயர் சொன்னதும் நான்கு ஆண்கள் வந்தார்கள். "வேண்டாம்யா, நான் இங்கனயே இருக்கேன், விடுங்க" என்று இரண்டு கையாலும் சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டார். "கூச்சப்படாதீங்க அக்கா" என்று சிரித்தபடியே நாற்காலியோடு தூக்கினார்கள். படியில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. சேலை முழங்காலுக்கு மேல் ஏறியது. ஒரு கை சேலைக்கும் ஒரு கை நாற்காலிக்குமாக அவர் தவித்ததை அரங்கம் முழுக்கப் பார்த்தது.

பொன்னாடை, புகைப்படம், ஒரு மணி நேரம் பேச்சு. திரை மூடிக் கச்சேரிக்காரர்கள் உட்கார வந்தபோது, அவசரத்தில் அக்காவை மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு அந்த நால்வரும் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் அந்த இடைவெளி காலியாகவே இருந்ததை நான் கவனிக்க நான்கு பாட்டு ஆகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூக்குக்கு நேரே தொங்கும் திரையின் மடிப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "என்னய வண்டிகிட்ட கொண்டு விட்டுரு" என்றார். இறக்குவதற்கும் தூக்கத்தான் வேண்டியிருந்தது.

அந்தப் புகைப்படம் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. அதன் கீழே போட்ட வாசகத்தை எழுதியது நான். இன்று இதே வேலையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் என்னை வைத்திருக்கிறார்கள். சபாவில் சரிவுப் பாதை மேல் பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. கேட்டால், "கட்டித்தான் குடுத்தோம், யாரும் வரலியேம்மா" என்கிறார் செயலாளர்.

விழா முடிந்து சில மாதம் கழித்து அக்காவின் கடைக்குப் போனேன். வரவேற்பு மேசையை இடம் மாற்றச் சொல்லிவிட்டேன், இனிமேல் மேடைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், அடுத்த கச்சேரிக்கு வாருங்கள் என்றேன். செயலாளரை மன்னித்துவிடும்படியும் சொன்னேன்.

அவர் மிஷினை நிறுத்தவில்லை. தையல் ஓடி முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்த மனுசன் மேல எனக்கு என்ன கோவம்? அவருகிட்ட நான் ஒண்ணும் சொல்லலியே. உன்கிட்டத்தான சொன்னேன்." துணியைத் திருப்பிப் போட்டார். "தூக்கும்போது உன்னயத்தான் தேடுனேன். நீ ஓடி வந்து நிறுத்துவன்னு நெனச்சேன். நீ அவியளோட சேந்து கை தட்டிக்கிட்டு நின்ன."

தட்டினேன். அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் எழுந்து நின்று தட்டினேன்.