ஹெர்பர்ட் காருக்கு வேக்ஸ் போட்ட கதை

குன்னூரில் ஐப்பசி மாதத்தில் ஒருவர் வெயிலை நம்பிக் காருக்கு வேக்ஸ் போட உட்காருகிறார் என்றால், ஒன்று அவர் ஊருக்குப் புதிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் பெண்ணுக்குக் கல்யாணமாக இருக்க வேண்டும். ஹெர்பர்ட்டுக்கு ஊர் புதிதில்லை. பிறந்தது, வளர்ந்தது, டீ பேக்டரியில் தூள் தயாரிக்கும் டீமேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாமே இங்கேதான். ஒரே மகள் கெஸியாவுக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். மணப்பெண் சர்ச்சுக்குப் போவதற்கென்று நீளமான வெள்ளைக் கார் ஒன்றை அவர்களே டிரைவரோடு ஏற்பாடு செய்துவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஹெர்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்மகிட்டக் காரு இல்லயா என்ன?" என்று கேட்டார்.

இருந்தது. கருநீல நிறத்தில் வாசலில் நின்றது. கெஸியா அதில்தான் பள்ளிக்கூடம் போனாள். மேட்டுப்பாளையம் இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் அதன் ஜன்னல் வழியாகத்தான் வாந்தி எடுத்தாள். பிறகு அதிலேயே ஓட்டவும் கற்றுக்கொண்டு, சர்ச் காம்பவுண்டுச் சுவரின் ஒரு மூலையைப் பெயர்த்தாள். மழையிலும் பனியிலும் கிடந்து கிடந்து கார் இப்போது மினுக்கம் போய், சாம்பல் பூசிய மாதிரி வெளிறிக் கிடந்தது. கெஸியா அதை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள்.

"அது பளபளன்னு இருந்தா நான் அதுலயே வர்றேன்ப்பா. இல்லாட்டி வெள்ளக் காருதான். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

ஹெர்பர்ட் உடனே சம்மதித்தார். அவருக்குப் பெயிண்டும் மினுக்கமும் ஒரு பொருட்டே அல்ல. மகள் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு டிரைவர் அவளை ஏற்றிக்கொண்டு போவதா? அந்த நினைப்புதான் அவரை அரித்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் அழுகை வந்துவிடும். அதனால் வீட்டில் பெயிண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஹெர்பர்ட் காரைக் கழுவித் துடைத்து, வேக்ஸ் டப்பாவைத் திறந்தார். வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஈரமில்லாத காரில் மெல்லிசாகத் தடவ வேண்டும், அது காய்ந்து வெள்ளையாகப் பூக்கிற வரைக்கும் விட வேண்டும், பிறகு துணியால் தேய்த்து எடுக்க வேண்டும். காய்வதுதான் முக்கியம். அதைத்தான் குன்னூர் யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் கொடுப்பதில்லை.

பானட்டில் தடவி முடித்து நிமிர்ந்தபோது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து அதன் மேலேயே உட்கார்ந்தது. வேக்ஸ் பால் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் துடைத்தார். வெயில் வந்தது, மறுபடி தடவினார். பொடித் தூறல் வந்தது. செல்போனை எடுத்து வானிலை பார்த்தார். அதில் முழுச் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மனைவி தபித்தாளின் துணிக்கொடியைப் பார்க்க ஆரம்பித்தார். வானத்தைப் படிப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அவள் துணியைப் போட்டால் இவர் தடவுவார். அவள் ஓடிவந்து எடுத்தால் இவர் தார்ப்பாயை இழுத்து மூடுவார்.

மத்தியானம் வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் தபித்தாள் ஈரத்துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க, கல்யாணத்துக்கு ஆளுங்க வந்துட்டிருக்காங்க. நீங்க என்னன்னா துணிக்கொடியவே மொறச்சுப் பாத்துட்டு நிக்கறீங்க. அந்த வெள்ளக் காருலதான் போகட்டுமே, விடுங்க."

"காய வைக்க எடமாடி இல்ல?" என்றார் ஹெர்பர்ட். சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. காய வைப்பது அவர் தொழில் அல்லவா! கொட்டுகிற மழையிலும் ஈர இலையை மொறமொறவென்று உலர்த்தி எடுத்த மனிதர். பேக்டரி இருக்கும்போது சூரியனிடம் எதற்குக் கையேந்த வேண்டும்?

கார் முழுவதும் ஒரே மூச்சில் வேக்ஸைத் தடவி, தூறலுக்குத் தப்பி, நேராகப் பழைய பேக்டரிக்கு ஓட்டினார். இப்போது அங்கே டீமேக்கர் பாலமுருகன். ஹெர்பர்ட்டின் கீழ் வேலை பழகியவன். அவனால் மறுத்துப் பேச முடியவில்லை.

"டிரையருக்குப் பின்னால அந்தக் கொட்டகையில நிறுத்திக்கறேன் முருகா. அங்க நல்லா சூடு அடிக்கும்."

"அங்கயாங்ணா?" என்று இழுத்தான் பாலமுருகன். "அங்க வந்துங்ணா..."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா நீ? போய்க் குழந்தைகளுக்குச் சொல்லிக் குடு."

பாலமுருகன் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். ஹெர்பர்ட் காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு ஆபீஸில் உட்கார்ந்து, புதுத் தூளில் போட்ட டீயைக் குடித்தபடி, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குப் பிரியாணியா சாப்பாடா என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

தூள் சலிக்கிற அறையின் காற்றாடியும் அதே கொட்டகையைப் பார்த்துத்தான் சுழல்கிறது. தூளிலிருந்து பிரிகிற பஞ்சு மாதிரியான தூசியை அது நாள் முழுக்க வெளியே தள்ளுகிறது. இது ஹெர்பர்ட்டுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தத் தூசியைச் சுவாசித்து, அதைச் சட்டையிலும் மீசையிலும் வீட்டுக்குச் சுமந்து போனவருக்கு, அது தூசி என்றே தோன்றவில்லை. காற்று என்றுதான் தோன்றியது.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது கருநீலக் காரைக் காணோம். பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் மயிர் முளைத்து ஏதோ ஒன்று நின்றது. தொட்டுப் பார்த்தார். வேக்ஸ் அருமையாகக் காய்ந்திருந்தது. பஞ்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காய்ந்திருந்தது.

"சொல்லலாம்னுதானுங்ணா வந்தேன்," என்றான் பாலமுருகன், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு.

கார் தெருவில் நுழைந்தபோது கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். தபித்தாள் தலையில் கைவைத்தாள். கெஸியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெர்பர்ட்டும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் யாரும் வேலை செய்யக் கூடாது. அது தபித்தாளின் சட்டம். ஆராதனை முடிந்து வந்ததும் ஹெர்பர்ட் பழைய பனியனைக் கிழித்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தபித்தாள் தடுக்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாளி சுடுதண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹெர்பர்ட் கையளவு கையளவாகப் பஞ்சைச் சுரண்டி, தேய்த்து, இடது பக்கம் முழுவதையும் மினுக்கிவிட்டார். தன் முகமே அதில் தெரிந்தது. வலது பக்கத்தில் கை வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. இருட்டுகிற வரைக்கும் அது விடவில்லை.

திங்கட்கிழமை காலை, எதிர் வீடு தெரியாத மூடுபனி. வெள்ளைக் கார் பூவெல்லாம் கட்டிக்கொண்டு வந்து நின்றது. ஹெர்பர்ட் கோட்டு போட்டுக்கொண்டு தன் காருக்குப் பக்கத்தில் நின்றார்.  எந்தக் காரில் வருகிறாய் என்று மகளைக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்று நேற்று இரவே மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். தேறத்தான் இல்லை.

கெஸியா வெள்ளைப் புடவையில் இறங்கி வந்தாள். கருநீலக் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். வலது பக்கம் வந்தபோது புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாதிதான் கண்ணு பளபளங்குது," என்றார் ஹெர்பர்ட்.

"நான் ஒரு பக்கமாத்தானேப்பா ஏறப் போறேன்? போட்டோக்காரர இந்தப் பக்கமே நிக்கச் சொல்லுங்க." இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "வெள்ளக் காருல அம்மா வரட்டும்."

ஹெர்பர்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். மூடுபனியில் வேறு வழியும் இல்லை. பின்னால் மகள் இருந்தாள், ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது, அவருக்கு அது போதும். பாதி வழியில் பனி படக்கென்று விலகி, இரண்டு நாளாக அவர் தவம் கிடந்த வெயில் பளீரென்று அடித்தது. வலது பக்கத்துப் பஞ்சு ஒன்று விடாமல் தெரிந்தது. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் போனதும் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. ஹெர்பர்ட்டின் கால் மட்டும் ஆக்சிலரேட்டரில் அழுந்த மாட்டேன் என்றது. பின்னால் வந்த வெள்ளைக் கார் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தது.

"நேரமாச்சோ கண்ணு? வேகமாப் போகட்டுமா?"

கண்ணாடியில் பார்த்தார். கெஸியா கர்ச்சீப்பால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஹாரன் அடிச்சுட்டுப் போகட்டும். நீங்க மெதுவாவே போங்கப்பா."