கைப்பிடி தொடாதவர்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்பார். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு நான் எங்கே போவேன் என்பார். வளைவு வரப்போவது அவர் முட்டிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டி தள்ளுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைக் கொடுத்து, பேச்சை விடாமல் நிற்பார். கல்யாணமான புதிதில் அந்த பஸ்ஸில் வேண்டுமென்றே ஏறி அதை வாய் பிளந்து பார்த்தவள் நான். சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிற வேலை பார்த்தவள். தொங்குகிற துணி ஒரு விரற்கடை சாய்ந்தாலும் என் கண்ணை உறுத்தும். அதனால்தான் ஒரு நாள் காலை சமையலறையில் அதைக் கவனித்தேன். மேல்தட்டிலிருந்து டீத்தூள் டப்பாவை எடுக்க அண்ணாந்தவர், முட்டியைத் தளர்த்தி இடப்பக்கம் சாய்ந்தார். சாய்ந்தபடியே டப்பாவை என்னிடம் நீட்டினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். வண்டி வளைவைத் தாண்டி நேரானதும் நிமிர்வாரே, அச்சு அசல் அதே மாதிரி. எங்கள் சமையலறை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"தலை சுத்துதாங்க?"

"எனக்கா? அடுப்பைப் பாரு, தண்ணி பொங்குது."

அப்போது நாங்கள் இருவரும் நூலகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். வயதானவர்களுக்கென்றே நடக்கிற வகுப்பு. சொல்லிக்கொடுக்கிறவள் எங்கள் மகள் வயதுப் பெண். எல்லோரும் டீச்சர் என்போம். நான் முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். போகப் போகப் பிடித்துப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்குவோம், ரப்பர் பட்டையை இழுப்போம், காற்றடைத்த பெரிய பந்தைத் தட்டி விளையாடுவோம். பந்து யார் மூக்கிலாவது பட்டால் அன்றைக்குப் பூராவும் சிரிப்புதான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்போம். இரண்டு மாடி ஏறினால் இளைக்கிற எனக்கு இளைப்பு நின்றது.

"பேச முடியுற அளவுக்குத்தான் மூச்சு வாங்கணும். வலிச்சா நிறுத்துங்க. தலை சுத்தினா அப்படியே உக்காந்து, என்னைக் கூப்பிடுங்க" என்று டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள். கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மனப்பாடம் ஆனதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

கண்டக்டருக்கு அந்த வகுப்புதான் உயிர். வேலையை விட்டு வந்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற பஸ்களைக் குறை சொல்வதே பிழைப்பாக இருந்த மனிதர், வகுப்பு நாளில் பொழுது விடியும் முன்பே சவரம் செய்து சட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். கூடத்தில் நாங்கள் எல்லோரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பார். கைதட்டுவார்கள். அவருக்குத் தலைகால் புரியாது.

"சார், ஒரு விரலாவது நாற்காலி மேல வைங்க" என்பாள் டீச்சர்.

வைப்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துவிடுவார். இதைப் பார்த்து ஒரு நாள் எங்கள் வரிசைத் தபால்காரரும் கையை விட்டார். தள்ளாடி விழப்போனவரை டீச்சர் பாய்ந்து பிடித்தாள். அதற்கும் என் வீட்டுக்காரர் அசரவில்லை. "எல்லாருக்கும் வராது அது" என்றார் பெருமையாக.

டப்பா எடுத்த காலைக்குப் பிறகு நான் அவரைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டேன். செருப்பு மாட்டக் குனிந்து நிமிரும்போது சாய்ந்தார். தெருவைக் கடக்கையில் தலையைத் திருப்பிப் பார்த்ததும் சாய்ந்தார். குளியலறைக்குப் போகும் வழியில் சுவரில் தோள் உயரத்துக்கு ஒரு அழுக்குத் தடம் விழுந்திருந்தது. துடைத்தேன். மறுபடி விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் நாலு தடவை விழுந்து, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, வைத்தியமும் முடிந்திருக்கும். இவருக்குத்தான் விழத் தெரியாதே. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அவள் நல்ல பெண், உடனே அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னாள். கோடு போட்ட மாதிரி நடந்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றுகொண்டே அவளிடம் ஊர்க்கதை பேசினார்.

"அம்மா, என்னை விட நல்லா நிக்கிறாரு. இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றாள்.

இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். தலை சுற்றுமா என்று கேட்டார். "இல்லையே" என்றார் இவர், ஏதோ என்னைத்தான் காட்ட வந்த மாதிரி என் பக்கம் திரும்பிச் சிரித்து. திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை.

"நீங்க விழுந்தா தூக்க எனக்குத் தெம்பு கிடையாது, சொல்லிட்டேன்."

"நான் எப்ப விழுந்திருக்கேன், சொல்லு?"

அது உண்மைதான். அவர் விழுந்ததே கிடையாது.

அடுத்த வகுப்பு நாளில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் விளக்குப் போட்டும் இருட்டாகவே இருந்தது. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து, மறு கையை உயர்த்தி, விரல் நுனியை அண்ணாந்து பார்க்க வேண்டும். எங்களைப் பார்த்தபடி முன்னால் நின்ற கண்டக்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். டீச்சர் கடைசி வரிசையில் யாருடைய தோளையோ சரி செய்துகொண்டிருந்தாள். நான் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டி தளர்ந்தது. இடப்பக்கம் சாய்ந்தார். வழக்கமாகச் சாய்வதைத் தாண்டியும் சாய்ந்துகொண்டே போனார்.

"வளைவு வருது, பிடிச்சுக்குங்க!" என்று உரக்கக் கத்தினார். "எல்லாரும் பிடிச்சுக்குங்க!"

கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஆளாளுக்கு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்தார்கள். தபால்காரர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் இருப்பது போல ஆடிக் காட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் நாற்காலியை விட்டுவிட்டு ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டமா என்ன? அவர் கொடுத்த உடம்பை எதிர்த்துத் தாங்க அங்கே எந்த வண்டியும் இல்லை. அவ்வளவு கனமும் இடுப்போடு தரைக்குப் போயிற்று. சத்தம் கேட்டபோதும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இதயம் மயக்க மருந்தைத் தாங்காது, அறுவை சிகிச்சை செய்ய வழியில்லை, இனிமேல் படுக்கைதான் என்று எலும்பு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் அதை நான் சொல்லவில்லை.

அவர் சாய்வதை நான் சொல்லியிருந்ததால் சாயங்காலம் காது டாக்டர் வந்தார். கூடவே டீச்சரும் வந்து கட்டில் ஓரம் நின்றாள்.

"எத்தனை நாளா இப்படிச் சுத்துது?" என்று கேட்டார் டாக்டர்.

இவர் சுவரைப் பார்த்தார். "வேலையை விட்டு வந்த மறு வருஷத்துலேருந்து."

நான் டீத்தூள் டப்பாவிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்!

"ஏங்க சொல்லலை?"

"சொன்னா வகுப்புக்கு விடமாட்டீங்களே."

"யாரு சார் விடமாட்டேன்னது?" டீச்சர் கட்டில் பக்கம் குனிந்தாள். "தலை சுத்துறவங்க, முட்டி வலிக்கிறவங்க எல்லாம் கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டே செய்யுறாங்களே, நீங்க பாத்ததில்லையா? பந்து விளையாட்டுலகூட அவங்கதானே ஜெயிப்பாங்க."

டாக்டர் இது காதுக்குள் வருகிற கோளாறு என்றார். தலையைப் பக்குவமாகத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தாலே நிறையப் பேருக்கு சரியாகிவிடுமாம். ஊசிகூட வேண்டாமாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலில் கிடந்த இந்த மனிதரை உலுக்கிவிடலாம் போல இருந்தது. எங்கே தொட்டாலும் வலிக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இவர் என்னைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தார். வகுப்புக்குத் தாமதமாக வந்தவர் மாதிரி மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்த உக்காந்து செய்யுற வரிசையில என்னைச் சேத்துக்குவீங்களா?"

இனி அவர் எழுந்திருக்க மாட்டார் என்று டீச்சருக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சேத்துக்குவாங்க" என்றேன். "என் பக்கத்துலயே உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்."

அவர் அதை நம்பிவிட்டார்.